நான் வாங்காத கடன் என் பெயரில் எப்படி வந்தது?

வாசகி கேட்கிறார்:

"எனக்கு 38 வயது. கரூர் பக்கம் கிராமம். டெக்ஸ் கம்பெனியில் தையல் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்கலாம் என்று வங்கியில் கடன் கேட்டோம். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, 'உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு லோன் ஓடுதே, ஒண்ணு ஏழு மாசமா கட்டாம நிக்குதே' என்றார். ஒன்று 45,000 ரூபாய் குழு லோன். இன்னொன்று 86,000 ரூபாய் பர்சனல் லோன். இரண்டையும் நான் வாங்கவில்லை. முன்பு ஒரு மகளிர் குழுவில் இருந்து, கடனை முடித்துவிட்டு விலகிவிட்டேன். ஒன்றரை வருடம் முன்பு எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்து, பெண்களுக்கு மானியக் கடன் என்று சொல்லி ஆதார், பான், போட்டோ வாங்கினார். மெஷினில் விரல் வைக்கச் சொன்னார். போனுக்கு வந்த ஓடிபியையும் சொன்னேன். நகல் எடுத்தது என் கணவரின் அத்தை மகன் நடத்தும் பிரவுசிங் சென்டரில். இப்போது வசூலுக்கு ஆள் வீட்டுக்கே வருகிறார். நான் யாருக்கோ வாங்கிக் கொடுத்துவிட்டு மறைக்கிறேன் என்று கணவர் நினைக்கிறார். கட்டித் தொலைத்துவிடலாமா? போலீசுக்குப் போனால் சொந்தத்துக்குள் சண்டை வராதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை, உங்கள் தம்பி போனில் எடுத்துத் தந்ததைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். நல்ல காரியம். கூடவே ஆதார் நகல், பான் நகல் இரண்டையும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தீர்கள். அவற்றைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் கடிதத்தையே படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். 31 வருடம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து, எதற்கெடுத்தாலும் "ஜெராக்ஸ் ரெண்டு செட்டு கொண்டாங்க" என்று ஊரைப் பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

கட்டித் தொலைத்துவிடலாமா என்கிறீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர், "ஐயாயிரம் மட்டும் போடுங்க, மீதியைப் பேசி முடிச்சுக்கலாம்" என்பார். அந்த ஐயாயிரத்தைக் கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினாலும் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதாகக் கட்டாமல் முடித்தவர் என்று அதற்குப் பொருள். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு வார்த்தையே குறுக்கே நிற்கும்.

நான் வாங்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நடக்காத ஒன்றுக்கு எந்த ஊரில் சாட்சி கிடைக்கும்? நீங்கள் வாங்கினீர்கள் என்று காட்ட வேண்டியது கடன் கொடுத்த கம்பெனி. அதனால் "நான் வாங்கல சார்" என்று வாசலில் நின்று மன்றாடுவதை விடுங்கள். "யாருக்குக் கொடுத்தீர்கள், காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஐ.ஆர்.டி.பி. என்ற அரசுத் திட்டத்தில் மாட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்த காலம். தம்பியின் ரேஷன் கார்டோடு வந்த அண்ணனுக்கு, தம்பி என்றே நம்பிக் கடன் கொடுத்துவிட்டேன். நாலு வருடம் கழித்து நிஜத் தம்பி வந்து பயிர்க்கடன் கேட்டார். பழைய பாக்கியைக் காட்டி, "வாங்கிட்டு வாங்கலன்னு சொல்றியா" என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். பிறகு ஒரு தணிக்கையின்போது கோப்பைத் திறந்தால், கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதரின் பெயர் இருக்கிறது. கோப்பு முதல் நாளிலிருந்தே என் அலமாரியில்தான் இருந்தது. திறந்து பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் விஷயத்திலும் கோப்பு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் அறிக்கையைப் பார்ப்போம். எல்லாரும் மேலே இருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். 300-க்கும் 900-க்கும் நடுவில் ஒரு எண், அவ்வளவுதான் அது. சங்கதி கீழேதான் இருக்கிறது. தொடர்பு விவரப் பகுதியில் மூன்று செல்போன் எண்கள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் கடிதத்தில் எழுதிய எண். மற்ற இரண்டும் யாருடையவை? முகவரிகளில் ஒன்று திருப்பூர். நீங்கள் திருப்பூரில் குடியிருந்ததாக எழுதவில்லை. 'என்கொயரி' என்ற பகுதியில், ஒரே வாரத்தில் நான்கு கம்பெனிகள் உங்கள் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கின்றன. நான்கு இடத்தில் விண்ணப்பம் போட்டு ஒரு இடத்தில் பலித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது குழு லோன். அதில் மாதாமாதம் 000 என்று போட்டிருக்கிறது பாருங்கள். ஒரு நாள்கூடத் தவணை தவறவில்லை என்று அர்த்தம். அதாவது, உங்கள் பெயரில் உள்ள கடனை யாரோ ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! வெளியூர்த் திருடன் கடனைக் கட்ட மாட்டான். கட்டுகிறவர் உங்களைத் தெரிந்தவர். விஷயம் வெளியே வரக்கூடாது என்று நினைக்கிறவர். நீங்கள் விலகிய குழுவில் உங்கள் பழைய ஆதார் நகலும் போட்டோவும் இருந்திருக்கும். ஒருவர் பெயரில் இன்னொருவர் எடுத்துக் கட்டுவது குழு லோனில் பழைய வழக்கம். குழுக்களைக் கவனிக்கும் சென்டர் லீடருக்கோ, அவருக்கு வேண்டியவருக்கோ அவசரம் வந்திருக்கலாம். இதை நான் சொல்வது ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதற்கு இல்லை. இரண்டு கடனும் ஒரே கை செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு தேடாதீர்கள் என்பதற்காக.

86,000 ரூபாய்க் கடன் வேறு வகை. அங்கே முதல் தவணையிலிருந்தே கட்டவில்லை. தெருவுக்கு வந்த 'மானியக் கடன்' ஆள்மேல் எனக்குச் சந்தேகம் விழுவது அதனால்தான். இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள இரண்டு பிடி இருக்கிறது.

ஒன்று, பணம் போன வழி. ஆப் மூலமோ ஆன்லைனிலோ கொடுக்கும் கடனைக் கடன் வாங்குகிறவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி கொண்டுவந்தது. கடைப் பொருளுக்கு நேராகப் பணம் போவது மாதிரி சில விலக்குகள் உண்டு. பர்சனல் லோன் அதில் சேராது. ஆகவே அந்த 86,000 எந்த வங்கியில், எந்தக் கணக்கில் விழுந்தது என்று கம்பெனியிடம் பதிவு இருந்தாக வேண்டும். உங்கள் கணக்கில் விழவில்லை என்றால் உங்கள் பாஸ்புக்கே சாட்சி. இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. பணம் 'உங்கள் பெயரிலேயே' உள்ள, உங்களுக்குத் தெரியாத ஒரு கணக்கில் விழுந்திருக்கலாம். ஆதாரும் பானும் ஓடிபியும் கையில் இருந்தால் கணக்குத் திறப்பது கஷ்டமில்லை. அப்படி ஒன்று இருந்தால் கடனைவிட அது பெரிய தலைவலி. ஏமாற்றிய பணத்தைக் கைமாற்றி விடுவதற்கு இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் தேடுகிறார்கள். நாளைக்கு வேறு மாநிலத்துப் போலீஸ் உங்கள் வீட்டைத் தேடி வரும். கணக்கு எண் தெரிந்த அன்றே அந்த வங்கிக்கு எழுதி முடக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, ஆளைப் பார்த்த விதம். ஆளை நேரில் பார்க்காமல், ஆதார் ஓடிபியை மட்டும் நம்பிக் கொடுக்கும் தவணைக் கடனுக்கு வருடத்துக்கு 60,000 ரூபாய்தான் உச்சவரம்பு. உங்கள் பெயரில் கொடுத்தது 86,000. அப்படியென்றால் வீடியோவில் யாரோ முகம் காட்டியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் ஆள் நேரில் வந்து படம் எடுத்திருக்க வேண்டும். அந்த முகம் யாருடையது? கேளுங்கள்.

கடிதம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. இப்படி எழுதினால் போதும்:

"உங்கள் நிறுவனத்தில் என் பெயரில் உள்ளதாகக் காட்டப்படும் (கடன் எண்) கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. பணம் என் கையில் வரவில்லை. பின்வருவனவற்றின் நகல்களை எனக்குத் தரவும்: கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், பெற்ற அடையாள ஆவணங்கள், எடுத்த புகைப்படம் அல்லது வீடியோ, ஓடிபி அனுப்பிய செல்போன் எண், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம், இதுவரை தவணை கட்டியவர் விவரம். இது ஆள்மாறாட்டக் கடன் என்று புகார் பதிந்து, விசாரணை முடியும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்தவும். கடன் தகவல் நிறுவனங்களுக்குத் திருத்தம் அனுப்பவும்."

'இதுவரை தவணை கட்டியவர்' என்ற வரி குழு லோனுக்காக. அது சின்ன வரிதான், ஆனால் உண்மை வெளியே வர அதுவே போதும். இரண்டு கம்பெனிகளுக்கும் தனித்தனியாக எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து ஒப்புகையோடு அனுப்புங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் போகட்டும். கஸ்டமர் கேரில் பேசிப் பேசித் தொண்டை வற்றுவதில் பயனில்லை. பேசியே ஆக வேண்டி வந்தால் புகார் எண்ணை வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும்.

வீட்டுக்கு வரும் வசூல்காரரிடமும் அந்தக் கடித நகலைக் கொடுத்து, அவருடைய அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைத்துத் தொந்தரவு செய்வதை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. மிரட்டுவதும், அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்துவதும் அந்தத் தடையில் சேர்த்திதான்.

கம்பெனிகளுக்கு எழுதும்போதே கடன் தகவல் நிறுவனங்களிலும் ஆட்சேபம் பதியுங்கள். நாம் எல்லாவற்றையும் 'சிபில்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு இருக்கின்றன. நான்கிலிருந்தும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாக வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. முக்கியமாக கிரிஃப் ஹை மார்க் அறிக்கையை வாங்குங்கள்; குழு லோன் விவரம் அங்கே விரிவாகக் கிடைக்கும். அறிக்கையில் இருக்கும் கன்ட்ரோல் நம்பரைக் குறிப்பிட்டு, தவறான கடன், தவறான போன் எண், தவறான முகவரி எல்லாவற்றையும் ஆட்சேபியுங்கள். கடனை மட்டும் ஆட்சேபித்துவிட்டு போன் எண்ணை விட்டுவிடுகிறார்கள் பலர். அந்த எண் அங்கே இருக்கும்வரை அடுத்த திருட்டுக்கு வாசல் திறந்தே இருக்கும்.

இவர்களாகவே எதையும் அழித்துவிட மாட்டார்கள், கடன் கொடுத்தவர் சரி என்று சொன்னால்தான் திருத்துவார்கள். ஆனால் கெடு உண்டு. 30 நாளைக்குள் முடிக்காவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. பணம் பெரிதில்லை. கடிதத்தில் அந்த விதியை ஒரு வரி எழுதினால், படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். 30 நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448-க்கு அழைத்தால் எப்படி என்று சொல்வார்கள்.

சரி, போலீஸ். இதில்தான் உங்களுக்குத் தயக்கம்.

புகார் கொடுக்காமல் இது முடியாது. அடுத்தவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறையும், ஒரு லட்சம்வரை அபராதமும் உள்ள குற்றம். கடன் கொடுத்த கம்பெனியும் "போலீஸ் கம்ப்ளைன்ட் காப்பி இருக்கா" என்றுதான் முதலில் கேட்கும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். 1930 என்ற எண் பணம் பறிபோன சூட்டோடு சூடாக அழைத்தால் மிகவும் பயன்படும். உங்களுடையது பழைய விஷயம் என்பதால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் எழுத்தில் கொடுப்பது மேல். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம், போயிட்டு வாங்கம்மா" என்றால், மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

அத்தை மகன் விஷயத்துக்கு வருகிறேன். புகாரில் அவர்தான் செய்தார் என்று எழுதாதீர்கள். அவர் செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இன்ன மாதம், இன்ன அடையாளமுள்ள ஆள் வந்தார், இன்ன ஆவணங்கள் கேட்டார், இன்ன கடையில் நகல் எடுத்தேன், விரல் வைத்தேன், ஓடிபி சொன்னேன். குற்றம் செய்தவர் 'எனக்குத் தெரியாத நபர்'. மிச்சத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கடைப் பெயரை மறைத்து எழுதினால் நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். நாம் ஆதாரை வாட்ஸ்அப்பில் பிரவுசிங் சென்டருக்கு அனுப்பிவிட்டு, "தம்பி, ரெண்டு காப்பி போடு" என்கிறோம். அவர் போனில் ஊரே இருக்கும். கடைக் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் முழுக்க அடுத்தவர் ஆதார் கிடக்கும். அதைத் திறந்து எடுத்துப் போக யாருக்கும் பெரிய மூளை தேவையில்லை. புகார் கொடுப்பதற்கு முன்பு உங்கள் கணவரை விட்டே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்: "உன் மேல புகார் இல்ல, ஆனா உன் கடைப் பேரு வரும்." போலீஸ் சொல்லித் தெரிவதைவிட வீட்டு மனிதர் சொல்லித் தெரிவது பரவாயில்லை.

கணவரின் சந்தேகத்துக்கு நான் சொல்லக்கூடிய மருந்தும் காகிதம்தான். சத்தியம் செய்து அழுதுகொண்டிருக்காதீர்கள். அறிக்கையை எடுத்து வைத்து, அந்த இரண்டு போன் எண்களையும் திருப்பூர் முகவரியையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். கடிதங்களை அவர் கையாலேயே எழுதட்டும், தபால் நிலையத்துக்கு அவரே போகட்டும். லாரி ஓட்டுகிறவருக்குச் செக்போஸ்ட் காகிதம் பழக்கம்தானே. அந்த ஒரு பதில் கடிதம் வரும் நாளில் வீட்டுக்குள் பேச்சு மாறும்.

இந்தக் கடன் இரண்டும் நமக்குத் தெரிய வந்தவை. தெரியாமல் வேறென்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள்.

சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உங்கள் செல்போன் எண்ணைப் போட்டு உள்ளே போனால், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும். உங்களுடையது அல்லாத எண்ணை 'என் எண் அல்ல' என்று குறித்து அனுப்பலாம். நீங்கள் மெஷினில் விரல் வைத்தபோது, "சரியா விழல, இன்னொரு தடவை வையுங்க" என்றாரா அந்த ஆள்? இரண்டாவது விரலில் இன்னொரு சிம் எடுத்துக்கொள்வது பல வழக்குகளில் வந்த தந்திரம். 2018-இல் தெலங்கானாவில் ஒரு கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை ரப்பரில் அச்செடுத்தே சிம் கார்டுகளை இயக்கினார்.

அடுத்து, ஜி.எஸ்.டி. "நான் தையல்காரி, எனக்கெதற்கு ஜி.எஸ்.டி." என்று சிரிக்காதீர்கள். உங்களைப் போன்றவர்களின் பானைத்தான் தேடுகிறார்கள். ஏழைகளின் ஆவணங்களை வைத்து ஒரு கம்பெனியைப் பதிந்து, சரக்கே இல்லாமல் கோடிக்கணக்கில் பில் போட்டு, வரிச் சலுகையை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு மாதத்தில் காணாமல் போய்விடுவார்கள். நோட்டீஸ் மட்டும் பான்காரரின் குடிசைக்கு வரும். இப்படிப்பட்ட போலிப் பதிவுகளைக் களைய 2023-லும் 2024-லும் நாடு முழுக்கத் தனி வேட்டையே நடந்தது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது, உள்நுழையக்கூட வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து உங்கள் பான். 33 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு, வேறு எண் என்றால் வேறு மாநிலம். ஏதாவது வந்தால் உடனே புகார் கொடுங்கள், படமும் எடுத்து வையுங்கள். எதுவும் வராவிட்டால் நிம்மதி.

வருமான வரித் தளத்தில் ஏ.ஐ.எஸ். என்று ஓர் அறிக்கை உண்டு. வரி கட்டாதவரும் பானை வைத்துப் பதிந்து பார்க்கலாம். உங்கள் பானோடு இணைந்த வங்கிக் கணக்குகளின் வட்டி அதில் வரும். நீங்கள் வாசல்கூட மிதிக்காத வங்கியின் பெயர் அங்கே தெரிந்தால், நான் மேலே சொன்ன மர்மக் கணக்கு அதுதான். என்னிடம் கேட்டால், கடன் அறிக்கையைவிட இதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

பிறகு ஆதார். 1947-க்கு அழைத்தோ, ஆதார் தளத்திலோ, உங்கள் ஆதாரோடு இணைந்திருப்பது உங்கள் போன் எண்தானா என்று உறுதி செய்யுங்கள். பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டு, அந்த எண்ணே ஆதாரில் கிடக்கிறது என்றால் அவசரமாக மாற்ற வேண்டும். கைவிட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஓடிபியும் அவர் போனுக்குப் போகும். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் ஆணையத்தின் செயலியில் இருக்கிறது. பூட்டிவிடுங்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது மட்டும் திறக்க வேண்டியிருக்கும், திறந்தது கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அதனால் வரிசையில் நிற்கும்போதே திறந்து வைக்காமல், முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திறந்தால் போதும். ஆதாரை யார் யார் எப்போது சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். ஆனால் ஆறு மாதம்தான் பின்னோக்கிக் காட்டும். உங்கள் பழைய கதை அதில் இராது, இப்போது யாராவது கை வைக்கிறார்களா என்பது தெரியும்.

நகல் கொடுக்காமல் வாழ முடியாது என்பது எனக்கும் தெரியும். கொடுக்கும்போது, "இன்ன வங்கியில், இன்ன தேதியில், வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் மடித்து நகல் எடுத்துவிடுவார்கள். எங்கே முழு எண் தேவையில்லையோ அங்கே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். இதைச் சொன்னதற்கே 2022 மே மாதம் ஒரு கூத்து நடந்தது. நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதார் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மக்கள் பதறிப்போனார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனால் போகட்டும், அதிலிருந்த யோசனை நல்ல யோசனை.

மின்கம்பத்தில் "சிபில் கிளியர் செய்து தரப்படும்" என்று ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்து யாரையாவது அழைத்துவிடாதீர்கள். நான் இதுவரை சொன்ன எல்லாமே நீங்களே இலவசமாகச் செய்யக்கூடியவை. அவர்கள் பணமும் வாங்குவார்கள், ஆதாரும் பானும் மறுபடி கேட்பார்கள். வக்கீல் உதவி தேவைப்பட்டால் கரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு. தொலைபேசி 15100.

குழு லோன் விஷயத்தில் ஒன்று நடக்கலாம். உங்கள் கடிதம் போன பிறகு யாராவது ஒருவர் இரவில் வீட்டுக்கு வந்து, "அக்கா, நான்தான் எடுத்தேன், நாலே தவணைதான் பாக்கி, முடிச்சிடறேன், கம்ப்ளைன்ட் வேணாம்" என்று அழலாம். மனசு இளகும். முடிக்கட்டும், ஆனால் கம்பெனிக்குப் போய்த் தாமே எழுதிக் கொடுத்து முடிக்கட்டும். உங்கள் ஆட்சேபத்தை வாபஸ் வாங்காதீர்கள். வாய்ச் சொல்லை நம்பி நிறுத்தினால், நாளைக்கு ஐந்தாவது தவணை நின்றுபோகும்போது கடன்காரர் நீங்கள்தான்.

வீட்டுக் கடனுக்கு இப்போதே மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் என்கொயரியில் ஒரு வரி கூட்டும். அதற்குப் பதில், சி.எஸ்.ஆர். நகல், இரண்டு கம்பெனிகளுக்கும் எழுதிய கடிதங்கள், ஒப்புகைகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து அதே மேனேஜரிடம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாருங்கள். கடன் கேட்க இல்லை, தகவலுக்கு. இரண்டு கம்பெனிகளும் 'இது உங்கள் கடன் அல்ல' என்று எழுத்தில் தந்த பிறகு நான்கு அறிக்கைகளையும் எடுத்து, எல்லாவற்றிலும் அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் அழிந்து மூன்றில் நிற்பது நடக்கும். நான்கும் சுத்தமான பிறகு விண்ணப்பம் கொடுங்கள். கம்பெனிகளிடமிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். நகல் அனுப்புவதானால் எண்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்புங்கள்.